டெல்லில பழைய வண்டி வச்சிருக்கீங்களா? ஸ்க்ராப் ரூல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே.புரம் மலை மந்திர்ல தரிசனம் முடிஞ்சு பார்க்கிங் பக்கம் வந்தாலும் சரி, மயூர் விஹார்ல யார் வீட்டு கொலுவுக்குப் போனாலும் சரி, பேச்சு கடைசில "வண்டிய என்ன பண்றது"ங்கற இடத்துலதான் வந்து நிக்குது. ஒவ்வொருத்தரும் வாட்ஸ்அப்ல வந்த ஏதோ ஒரு ஃபார்வர்ட நம்பிகிட்டு இருக்காங்க, ஒருத்தர் பயந்துபோய் நல்ல வண்டிய அடிமாட்டு விலைக்கு வித்துட்டாரு, இன்னொருத்தர் ரோட்டுல எடுக்கவே கூடாத வண்டிய தைரியமா ஓட்டிகிட்டு இருக்காரு. அதான் திரும்பத் திரும்ப காதுல விழுந்த கேள்விகள கேட்டவங்க வார்த்தையிலயே போட்டு பதில் எழுதியிருக்கேன். டிசம்பர் 17 சுப்ரீம் கோர்ட் ஆர்டரையும் சேர்த்து, 2025 டிசம்பர் வரைக்கும் உள்ள நிலவரம் இது.

"சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க, டெல்லில எத்தன வருஷம் வண்டி ஓட்டலாம்?"

அடிப்படை கணக்கு டீசல் 10 வருஷம், பெட்ரோல் 15 வருஷம். இது நேத்து வந்த ரூல் இல்ல. தேசிய பசுமை தீர்ப்பாயம் 2014 நவம்பர்ல 15 வருஷத்துக்கு மேல ஆன வண்டி டெல்லில ஓடக்கூடாதுன்னு சொன்னாங்க, 2015 ஏப்ரல்ல டீசலுக்கு அத 10 ஆக்கினாங்க, 2018 அக்டோபர் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அத உறுதி பண்ணி டெல்லியும் சுத்தி இருக்கற ஊர்களும் சேர்ந்த என்சிஆர் முழுசுக்கும் பொருந்தும்னு சொல்லிடுச்சு.

2025-ல இந்தக் கணக்குல ஒரு பெரிய திருப்பம். ஆகஸ்ட் 12-ம் தேதி சுப்ரீம் கோர்ட், வயச மட்டும் வச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்காதீங்கன்னு இடைக்கால ஆர்டர் போட்டுச்சு. டிசம்பர் 17-ம் தேதி அதையே மாத்தி, அந்தப் பாதுகாப்பு பிஎஸ் 4-க்கும் அதுக்கு அப்புறம் வந்த வண்டிக்கும் மட்டும்தான்னு சுருக்கிடுச்சு. பிஎஸ்னா பாரத் ஸ்டேஜ், புது வண்டி எவ்ளோ புகை விடலாம்னு அரசு வச்ச வரம்பு, நம்பர் ஏற ஏற வரம்பு இறுகும். அதாவது வயசு தாண்டின பிஎஸ் 3, பிஎஸ் 2 வண்டிய பிடிக்கலாம், வயசு தாண்டின பிஎஸ் 4 வண்டிய வயசு காரணமா மட்டும் பிடிக்கக்கூடாது. இனிமே உங்க வண்டிக்கு என்ன வயசுங்கறத விட அது எந்த பிஎஸ்ங்கறதுதான் முதல் கேள்வி.

"எங்க ஊர்ல 20 வருஷ அம்பாசிடரே ஜம்முனு ஓடுது, இங்க மட்டும் ஏன் இந்த அநியாயம்?"

நாடு முழுசுக்கும் உள்ள ஸ்க்ராப் பாலிசி வேற, டெல்லி ரூல் வேற, நிறைய பேர் இத ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. பிரதமர் 2021 ஆகஸ்ட் 13-ம் தேதி ஆரம்பிச்சு வச்ச தேசிய பாலிசில வண்டிக்கு வயசு எல்லைன்னு ஒண்ணு கிடையாது. ஃபிட்னெஸ் டெஸ்ட்ல பாஸ் ஆனா ஓட்டு, ஃபெயில் ஆனா ஸ்க்ராப்புக்கு அனுப்பு, அவ்ளோதான். பழைய வண்டிய வச்சுக்கறது செலவு பிடிச்ச விஷயமா இருக்கணும்னு ரினியூவல் ஃபீச ஏத்தினாங்க, 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்கு 600 ரூபா இருந்தது 5,000 ஆச்சு.

டெல்லில கோர்ட் நேரடியா வயச வச்சே கோடு போட்டுடுச்சு, இங்க காத்து அந்த நிலைமைல இருக்கறதால. அதனால ஊர்ல சித்தப்பா ஃபிட்னெஸ் காட்டி இன்னும் 5 வருஷம் வாங்கிட்டாருன்னு சொல்றத வச்சு இங்க முடிவு எடுக்காதீங்க.

"என் கார் பிஎஸ் 3-யா பிஎஸ் 4-ஆன்னு எனக்கே தெரியாது, எங்க பாக்கறது?"

புது ஆர்சி கார்டா இருந்தா எமிஷன் நார்ம்ஸ்னு ஒரு வரி இருக்கும். இல்லன்னா எம்பரிவாஹன்ங்கற அரசு ஆப்ல நம்பர் போட்டுப் பாருங்க. அங்கயும் காலியா இருந்தா வண்டி தயாரான மாசம் வருஷத்த ஆர்சில பாருங்க. டெல்லில 2010 ஏப்ரல்ல இருந்து விக்கிற புது கார் எல்லாம் பிஎஸ் 4-ஆ இருக்கணும், 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க பிஎஸ் 6. ஆக டெல்லில வாங்கின காருக்கு 2010 ஏப்ரல்தான் கோடுன்னு வச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி வாங்கினது அனேகமா பிஎஸ் 3 அல்லது அதுக்கும் கீழ, டிசம்பர் ஆர்டர்ல அதுக்கு பாதுகாப்பு இல்ல.

"நம்ம கார் மதுரைல வாங்கினது, டிஎன் நம்பர். நமக்கு இந்த ரூல் கிடையாதுல்ல?"

உண்டு. வண்டி எங்க ரெஜிஸ்டர் ஆச்சுங்கறது முக்கியமில்ல, எங்க ஓடுதுங்கறதுதான். இதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. 2010-ல பிஎஸ் 4 வந்தப்போ டெல்லி, சென்னை, பெங்களூரு மாதிரி சில பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் கட்டாயம், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் எல்லாம் அந்த லிஸ்ட்ல இல்ல. அங்க 2017 மார்ச் கடைசி வரைக்கும் பிஎஸ் 3 வண்டி வித்திருக்க முடியும். அதனால 2013 டீசல் கார், டெல்லில வாங்கினவருக்கு பிஎஸ் 4, மதுரைல வாங்கினவருக்கு பிஎஸ் 3-ஆ இருக்கலாம், பாக்க ரெண்டும் ஒரே மாடலா தெரியும். ஊர்ல வாங்கின வண்டின்னா வருஷத்த வச்சு ஊகிக்காதீங்க, ஆர்சில இருக்கறதுதான் செல்லும், இல்லன்னா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேசிஸ் நம்பர் கொடுத்து எழுத்துல வாங்கிக்கோங்க.

"2010 ஸ்கூட்டர், மாசத்துக்கு ரெண்டு தடவ கோயிலுக்கு மட்டும் எடுக்கறேன். அதுக்குமா?"

ஆமாம்க்கா, அதுக்கும்தான். டூவீலருக்கு பிஎஸ் 4 கட்டாயம் ஆனது 2017 ஏப்ரல்ல. அதனால 15 வருஷம் தாண்டின ஸ்கூட்டர் பைக் எதுவா இருந்தாலும் அது பிஎஸ் 4-ஆ இருக்க வாய்ப்பே இல்ல. கார் வச்சிருக்கறவங்களுக்கு கிடைச்ச நிம்மதி இதுல உங்களுக்கு கிடைக்கல. 2012, 2014 வண்டின்னா இன்னும் 15 ஆகல, அதுவரைக்கும் வயசு பிரச்சனை வராது.

"இனிமே பம்புல பெட்ரோலே போட மாட்டாங்களாமே?"

அது 2025 ஜூலை 1-ம் தேதி ஆரம்பிச்சு சில நாள்லயே நின்னுபோன விஷயம். காற்று தர மேலாண்மை கமிஷன் ஏப்ரல்ல போட்ட ஆர்டர் அது, பம்புல கேமரா வச்சு நம்பர் பிளேட்ட படிச்சு, வயசு தாண்டின வண்டின்னா எண்ணெய் கிடையாதுன்னாங்க. டெல்லில மட்டும் 60 லட்சம் வண்டிக்கு மேல அதுல மாட்டுச்சு. கேமரா சரியா வேலை செய்யல, பக்கத்துல குர்காவ்ன், நொய்டா போயி போட்டுக்கலாம்னு எதிர்ப்பு கிளம்பி தள்ளி வச்சாங்க, அதுக்குள்ள ஆகஸ்ட் கோர்ட் ஆர்டர் வந்துடுச்சு.

ஆனா 2025 டிசம்பர் 18-ல இருந்து வேற ஒண்ணு வந்திருக்கு, பியூசி, அதாவது புகை டெஸ்ட் சர்டிஃபிகேட், இல்லன்னா பெட்ரோல் இல்ல. இது புது வண்டிக்கும் சேர்த்துத்தான். பியூசி இல்லாம மாட்டினா அபராதம் 10,000 ரூபா வரைக்கும் போகும், டெஸ்டுக்கு ஆகற செலவு அதுல நூத்துல ஒரு பங்கு. தேதிய மொபைல்ல ரிமைண்டர் போட்டு வச்சுக்கோங்க.

"அப்போ என் 2014 டீசல் பிஎஸ் 4 தானே, நான் சேஃப்."

வயசு விஷயத்துல, ஆமா. குளிர்காலத்துல, இல்ல. காத்தோட தரம் ஏக்யூஐ 400 தாண்டினா கிராப்ங்கற காத்து மாசு கட்டுப்பாட்டு திட்டத்தோட மூணாவது ஸ்டேஜ் வரும், அப்போ பிஎஸ் 3 பெட்ரோல், பிஎஸ் 4 டீசல் கார் ரெண்டும் டெல்லி, குர்காவ்ன், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டால ஓடக்கூடாது. மீறினா 20,000 ரூபா. மாற்றுத்திறனாளிகள் சொந்த உபயோகத்துக்கு ஓட்டற வண்டிக்கு விலக்கு இருக்கு. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எப்போ வேணா இது வரலாம், ஏர்போர்ட் போற அன்னிக்கு காலைல நியூஸ் பாத்துட்டு கிளம்புங்க.

இன்னொரு விஷயமும் தனியா பாக்கணும். நடவடிக்கை எடுக்காதீங்கன்னு கோர்ட் சொன்னதாலயே ஆர்சி தானா நீண்டுடாது. ஆர்சி தேதி முடிஞ்ச வண்டி ஆக்சிடெண்ட்ல மாட்டினா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான், அந்த ரிஸ்க் உங்க தலைல.

"பியூசி பாஸ் ஆகுது, புகையே வரல. பின்ன எதுக்கு என் வண்டிய குத்தம் சொல்றீங்க?"

இது நியாயமான கேள்வி, பொறுமையா பதில் சொல்லணும். பியூசில பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பாக்கறாங்க, டீசலுக்கு புகை எவ்ளோ அடர்த்தியா இருக்குன்னு பாக்கறாங்க. நுரையீரலுக்குள்ள போற பிஎம் 2.5 தூசியையோ நைட்ரஜன் ஆக்சைடையோ அந்த மெஷின் அளக்கறதே இல்ல. கண்ணுக்குத் தெரியற கரும்புகை இல்லங்கறதால வண்டி சுத்தம்னு ஆயிடாது.

டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு அனுமதிச்ச தூசி அளவு பிஎஸ் 3-ல 50 மில்லிகிராம், பிஎஸ் 4-ல 25, பிஎஸ் 6-ல 4.5. அந்தக் கடைசி இறக்கம் சைலன்சர் பக்கம் வச்சிருக்கற ஃபில்டராலயும், கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 10 பங்கு) குறைஞ்ச டீசலாலயும் வந்தது. பழைய வண்டிய எவ்ளோ அக்கறையா சர்வீஸ் பண்ணாலும் இல்லாத ஃபில்டர் அதுல முளைக்காது. அதனாலதான் வயச விட பிஎஸ் நம்பர வச்சு கோடு போட்டது சரின்னு நான் நெனைக்கறேன், டெல்லி மாதிரி ஊர்ல நிஜமாவே ரோட்டுல ஓடற வண்டியோட புகைய அளந்து முடிவு பண்றது இன்னும் சரி.

"நான் ஓட்டவே இல்லங்க, வாசல்ல சும்மா நிக்குது. தூக்கிட்டுப் போவாங்களா?"

வாசல்னா எந்த வாசல்? உங்க சொந்த கேட்டுக்குள்ள, வேற யாரும் பயன்படுத்தாத இடத்துல நின்னா பிரச்சனை இல்ல. ரோட்டோரமோ, காலனி பொது பார்க்கிங்கோ பொது இடமாத்தான் கணக்கு. 2023-ல நின்ன வண்டியையே தூக்கிட்டுப் போனாங்க, ஜனங்க ஹைகோர்ட் போனாங்க, அதுக்கப்புறம் 2024 பிப்ரவரில டெல்லி அரசு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க. அதுல காருக்கு 10,000, டூவீலருக்கு 5,000 அபராதம் கட்டி, இனிமே பொது இடத்துல நிறுத்தமாட்டேன்னு எழுதிக் கொடுத்து வண்டிய மீட்டுக்க வழி இருக்கு. பிளாட்ல குடியிருக்கறவங்க, முக்கியமா டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) காலனில இருக்கறவங்க, இந்த "சொந்த இடம்" நமக்கு பொதுவா இல்லங்கறத ஞாபகம் வச்சுக்கணும்.

"கபாடிக்காரன் (பழைய இரும்பு வாங்கறவன்) வீட்டுக்கே வந்து கைல காசு தரேன்றான், கவர்மெண்ட் சென்டர்ல விட கூடவே தரான். அவன்கிட்ட குடுத்தா என்ன தப்பு?"

இந்த ஒரு பதில மட்டுமாவது முழுசா படிங்க. அவன்கிட்ட குடுத்தா வண்டி போகும், ஆனா ஆர்சி உங்க பேர்லயே உயிரோட இருக்கும். அந்த சேசிஸோ நம்பர் பிளேட்டோ வேற வண்டில ஏறி எங்கயாவது ஆக்சிடெண்ட், கடத்தல்னு ஆச்சுன்னா போலீஸ் வர்றது உங்க வீட்டுக்குத்தான். "வித்துட்டேன்"னு சொல்றதுக்கு கைல துண்டு பேப்பர் இருக்காது. வயசான நிறைய பேர் இப்படித்தான் ஏமாந்து நிக்கறாங்க, அவங்கள நெனச்சுத்தான் இந்தப் பக்கத்த எழுதவே ஆரம்பிச்சேன்.

இன்னொரு பக்கம் காத்தும் மண்ணும். சந்துல வச்சு உடைக்கறப்போ எஞ்சின் ஆயில், கூலண்ட், பேட்டரி ஆசிட் எல்லாம் அப்படியே சாக்கடைல போகுது, ஏசி கேஸ் காத்துல போகுது, செம்பு எடுக்க ஒயர கொளுத்தறாங்க. புகைய குறைக்கன்னு விட்ட வண்டி கடைசில புகையாவே முடியுது. மாயாபுரி ஸ்க்ராப் மார்க்கெட்ல 2010-ல என்ன ஆச்சுன்னு பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு லேப்ல இருந்து ஏலத்துல வந்த கருவிய பிரிச்சப்போ உள்ள இருந்த கோபால்ட் 60 கதிர்வீச்சுல ஒரு தொழிலாளி செத்தே போனாரு. என்ன பொருள்னு தெரியாம வெறும் கைல பிரிக்கற தொழில் அது, வண்டியோ மெஷினோ.

அப்புறம் அவன் ஏன் கூட காசு தரான்னு யோசிங்க. நல்ல பார்ட்ஸ்களயும், புகைய சுத்தம் பண்ற, பிளாட்டினம் பல்லேடியம் இருக்கற கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் தனித்தனியா வித்துடுவான். வரி கிடையாது, சுத்திகரிப்பு செலவு கிடையாது.

"சரி, முறையா பண்ணணும்னா எங்க போகணும், என்ன பேப்பர் வேணும்?"

2021 செப்டம்பர்ல வந்த மத்திய அரசு விதிப்படி அங்கீகாரம் வாங்கின ஸ்க்ராப் சென்டர் இருக்கு. டெல்லிக்காரங்களுக்கு பக்கத்துல நொய்டா, கிரேட்டர் நொய்டா பக்கம் இருக்கு, மாருதி டொயோட்சுவோட சென்டர் நொய்டால, மஹிந்திரா சீரோ கிரேட்டர் நொய்டால. பரிவாஹன் போர்ட்டல்ல ஸ்க்ராப்புக்குன்னு தனி பகுதி இருக்கு, அங்க லிஸ்ட் பாத்து அப்ளை பண்ணலாம். ரெண்டு மூணு சென்டர்ல விலை கேளுங்க, இழுத்துட்டுப் போற செலவு யாருதுன்னும் முதல்லயே கேட்டுடுங்க.

ஒரிஜினல் ஆர்சி, ஆதார், பான், கேன்சல் பண்ண செக், இதெல்லாம் கைல வச்சுக்கோங்க. லோன் முடிஞ்சிருந்தாலும் ஆர்சில பேங்க் பேரு அப்படியே இருக்கும், அத எடுக்காம வேலை நகராது, அதனால அத முதல்ல முடிங்க. பாக்கி சலான் இருந்தா பாத்து கட்டுங்க. வண்டிய ஒப்படைச்ச உடனே டெபாசிட் சர்டிஃபிகேட் தருவாங்க, உடைச்சு முடிச்சப்புறம் ஸ்க்ராப்பிங் சர்டிஃபிகேட் தனியா. ரெண்டாவத வாங்கி, வாஹன்ங்கற அரசு தளத்துல உங்க நம்பர போட்டு ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல்னு வருதான்னு பாக்கற வரைக்கும் விடாதீங்க. ஃபாஸ்டேக மூடுங்க. இன்சூரன்ஸ்ல நோ க்ளெய்ம் போனஸ் இருந்தா அதுக்கு லெட்டர் வாங்கி வைங்க, 3 வருஷத்துக்குள்ள புது வண்டி வாங்கினா அதுல கழிச்சுக்கலாம்.

"கைல எவ்ளோ வரும்? ஏதாவது லாபம் உண்டா இல்லையா?"

பெருசா எதிர்பாக்காதீங்க. பாலிசி அறிவிச்சப்போ அதே மாதிரி புது வண்டி விலைல 4-ல இருந்து 6 சதவீதம்னு சொன்னாங்க, நடைமுறைல அன்னிக்கு இரும்பு விலையும் வண்டி எடையும்தான் தீர்மானிக்குது. லாபம் அந்த டெபாசிட் சர்டிஃபிகேட்லதான் இருக்கு. அத காட்டி புது வண்டி வாங்கினா ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் இல்ல, ரோடு டாக்ஸ்ல தள்ளுபடி உண்டு. சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரைக்கும் மாநிலங்கள் கொடுக்கலாம்னு மத்திய விதி, டெல்லில 2024-ல முடிவு பண்ணது 10-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும். உங்களுக்கு புது வண்டி வேண்டாம்னா அந்த சர்டிஃபிகேட்ட ஆன்லைன்ல வேற ஒருத்தருக்கு விக்கலாம், இது பல பேருக்கு தெரியவே தெரியாது.

"வண்டி அப்பா பேர்ல இருக்கு, அவர் தவறிட்டாரு. யார் கையெழுத்து போடறது?"

வாரிசுகள் போடலாம். இறப்பு சர்டிஃபிகேட், வாரிசு சர்டிஃபிகேட், மத்த வாரிசுகள் ஆட்சேபனை இல்லன்னு கொடுக்கற கடிதம், இத வச்சுகிட்டு சென்டர்லயே முதல்ல பேசுங்க. அப்பா ஓட்டின வண்டி, மனசு வராதுதான், புரியுது. ஆனா அவர் பேர்ல இருக்கற ஆர்சி யாரோ ஒருத்தன் கைல போகாம முறையா முடிக்கறதும் அவருக்கு செய்யற மரியாதைதான்.

"என்ஓசி வாங்கிட்டு தஞ்சாவூருக்கே அனுப்பிட்டா?"

சட்டப்படி வழி இருக்கு, வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த ஆர்டிஓ தர்ற தடையில்லா சான்றுதான் இந்த என்ஓசி. முன்னாடி ஆர்சி முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள என்ஓசி கேக்கணும்னு இருந்துச்சு, 2025 அக்டோபர் கடைசில டெல்லி அரசு அத தளர்த்திட்டாங்க. அங்க போயி மறு ரெஜிஸ்ட்ரேஷன், ரோடு டாக்ஸ், 15 வருஷம் தாண்டினா பசுமை வரி, லாரி வாடகை எல்லாம் கூட்டிப் பாருங்க. பிஎஸ் 4 வண்டி, நல்ல கண்டிஷன், ஊர்ல நெஜமா தேவை இருக்குன்னா தாராளமா அனுப்புங்க.

பிஎஸ் 2, பிஎஸ் 3 டீசல்னா எனக்கு மனசு ஒப்பல. இங்க குழந்தைங்களுக்கு ஆகாத புகை தஞ்சாவூர் குழந்தைங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்?

"எலெக்ட்ரிக்கா மாத்திட்டா? இல்ல விண்டேஜ்னு போட்டுட்டா?"

எலெக்ட்ரிக் கிட் போட டெல்லி அரசு 2021-லயே அனுமதி கொடுத்துட்டாங்க, அரசு அங்கீகாரம் உள்ள கிட், அங்கீகாரம் உள்ள ஆள்கிட்ட மட்டும். கார்னா செலவு லட்சக்கணக்குல போகும், அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் வண்டி பாக்கறது மேல். விண்டேஜ்ங்கறது 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான், அதுவும் கண்காட்சி, ரேலி மாதிரி விஷயத்துக்கு மட்டும் எடுக்கலாம், ஆஃபீஸ் போக முடியாது. 2005 சான்ட்ரோவுக்கு அந்தக் கதை ஆகாது.

"இவ்ளோ பண்ணா டெல்லி காத்து சுத்தமாயிடுமா என்ன?"

இது ஒண்ணால ஆகாது, இத விட்டுட்டும் ஆகாது. ஐஐடி கான்பூர் 2016-ல கொடுத்த ஆய்வுல டெல்லி பிஎம் 2.5-ல ரோட்டு தூசி 38 சதவீதம், வண்டிப் புகை 20 சதவீதம்னு வந்துச்சு. அதாவது எல்லா வண்டியையும் நிறுத்தினாலும் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். ஆனா வண்டிப் புகை வருஷம் பூரா நம்ம மூக்குக்கு நேரா வருது, பஸ் ஸ்டாப்புல நிக்கற குழந்தையோட உயரத்துல வருது.

மேல என்ஓசி கேள்வில சொன்னதும் கபாடி கேள்வில சொன்னதும் இங்கதான் சேருது. ஸ்க்ராப் பாலிசியால காத்துக்கு நல்லது நடக்கணும்னா வண்டி நெஜமா முடியணும், பார்ட்ஸா பிரிஞ்சு இன்னொரு பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கக்கூடாது, வேற ஊர்ல போயி அதே புகைய விடக்கூடாது. அதோட பழச எடுத்தவங்க பஸ், மெட்ரோ பக்கம் போனா லாபம் இன்னும் அதிகம், ஒண்ண எடுத்துட்டு ரெண்டு புதுசு வாங்கினா இல்ல.

"லாரி, கவர்மெண்ட் ஜீப் எல்லாம் விட்டுட்டு மிடில் கிளாஸ் தலைலயே கை வைக்கறாங்களே?"

கோவம் நியாயம், ஆனா அவங்களையும் விடல. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிக்கு ரினியூவல் கிடையாது. 2025 நவம்பர் 1-ல இருந்து டெல்லில ரெஜிஸ்டர் ஆகாத பிஎஸ் 3 சரக்கு வண்டி டெல்லிக்குள்ள வரக்கூடாது, பிஎஸ் 4-க்கு 2026 அக்டோபர் 31 வரைக்கும்தான் அவகாசம். வண்டி தயாரிக்கற கம்பெனிங்களுக்கும் 2025 ஏப்ரல்ல இருந்து புது விதி வந்திருக்கு, பல வருஷம் முன்னாடி அவங்க வித்த வண்டில போன இரும்புல 8 சதவீதத்துக்காவது அவங்க ஸ்க்ராப் கணக்கு காட்டணும், 2030-ல இருந்து அது 13 ஆகும்.

எனக்கு இருக்கற வருத்தம் வேற. 10 வருஷத்துல வண்டிய விடச் சொல்றவங்க, வாங்கும்போது 15 வருஷத்துக்கு ரோடு டாக்ஸ மொத்தமா வாங்கிட்டாங்க. அந்த மிச்ச வருஷத்து டாக்ஸ ஸ்க்ராப் பண்ற அன்னிக்கே திருப்பிக் கொடுத்தா கபாடிக்காரன்கிட்ட போற பாதி பேர் சென்டருக்கு வந்துடுவாங்க. ஆர்டிஓல வேலையா போறப்போ உங்க வண்டிக்கு அந்த ரீஃபண்ட் உண்டான்னு எழுத்துல கேளுங்க, ஒவ்வொருத்தரும் கேட்டாத்தான் அது ஒரு கேள்வியா ஃபைல்ல ஏறும்.